பழைய கம்ப்யூட்டரும் என் ஒடஞ்ச கையும்

ஏணியில இருந்து விழுந்தேன்னு சொன்னா என்னலே கொறஞ்சு போச்சு? ஒடஞ்சது என் கை, பொளந்தது என் மண்ட. எதுல இருந்து விழுந்தேன்னு நா சொல்லுததுதான் பேச்சு. "நம்ம வீட்ல ஏணியே கெடையாது, போலீஸ்காரன் என்ன கேணப்பயலா?"ன்னு மெசேஜ் போட்டிருக்க. அவரும் அதத்தான் கேட்டாரு. ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, "பெரியவரே, ஏணி எங்க இருக்கு?"ன்னாரு. "நா விழுந்த வேகத்தப் பாத்துப் பயந்து ஓடிப்போச்சு சார்"ன்னேன். தையல் போட்டுக்கிட்டிருந்த நர்ஸம்மாவுக்குச் சிரிப்ப அடக்க முடியல, ஒரு தையல் கோணலா எறங்கிட்டு. வந்து பாரு, நெத்தியில பூரான் ஊருத மாதிரி இருக்கு.

"அடிச்சவனக் காட்டிக் குடுக்காம மறைக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா?"ன்னு அதுக்கு அடுத்த மெசேஜ். அத ஒங்கம்மைட்ட கேளு, அடுப்படியிலதான் இருக்கா. அதுக்கும் அடுத்தது இது. "காலையிலயே ரயில் ஏறிட்டேன். செல்வின் விட்டுட்டுப் போன அரிவாள எடுத்து வைங்க. அவன் கைய எடுத்துட்டுத்தான் வீட்ல பச்சத்தண்ணி குடிப்பேன்." இத எனக்கு வாசிச்சுச் சொன்னது யாருன்னு நெனைக்க? செல்வினேதாம்லே. என் கண்ணாடி அன்னைக்கு நடந்த அடிதடியில நொறுங்கிப் போச்சு. அதனால ஒஞ்சித்தப்பன் மவன், ஒனக்குத் தம்பி, என் கால்மாட்டுல உக்காந்து, பள்ளிக்கூடத்துல பாடம் வாசிக்க மாதிரி, "பெரியப்பா, சீலன் அண்ணன் என் கைய எடுக்கப் போறானாம்"ன்னு வாசிக்கான். "எந்தக் கைன்னு போட்டிருக்கானாலே?"ன்னு கேட்டேன். "போடல பெரியப்பா"ன்னான். "அப்ப ரெண்டையும் நல்லாக் கழுவி வையி"ன்னேன். அவன் சிரிக்கல.

நீ போன எடுக்க மாட்டுக்க. மெசேஜ மட்டும் பாக்க, நீலக் கோடு விழுது. அதனாலதான் இந்தக் கடுதாசி. நா படிச்சது அஞ்சாங்கிளாஸ், அதுலயும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் பருத்திக்கொட்ட ஆட்டப் போயிருவேன். இப்ப வலது கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு, இடது கை வெரலு வீங்கிக் கெடக்கு. அதனால செல்வின்தான் என் போன என் வாய்க்கிட்ட புடிச்சிருக்கான், கோயில்ல வாசகம் வாசிக்கவருக்கு மைக்கு புடிக்க மாதிரி. நா பேசப் பேச அது எழுதுது. தப்பா எழுதினா இவன் திருத்துதான். நீ இந்நேரம் மதுரை தாண்டியிருப்ப. கோவில்பட்டியில எறங்கிருவ, அதுக்கு முன்னால சாத்தூர் வாரதுக்குள்ள நா முடிச்சாவணும். குறுக்க பேசாம வாசி. ஆயுசுல இந்த ஒரு தடவதான் நா பேசும்போது நீ எதுத்துப் பேச முடியாது, அதுவே எனக்குப் பெரிய சந்தோசமா இருக்கு.

அடிச்ச பயலுக்கு அங்கன என்ன வேலைன்னு கேப்ப. நா போட்ட தண்டனைலே அது. ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சதும் இவனக் கூப்ட்டு, "கேசு கெடையாது. ஆனா என் கை கூடுத வரைக்கும் ஒங்கைதான் என் கை. செரைக்கணும், பட்டன் போடணும், சோறு ஊட்டணும், முதுகு சொறியணும்"ன்னேன். ஒஞ்சித்தப்பனும் வாசல்ல நின்னு தலையாட்டிட்டான். அன்னையில இருந்து காலையில வந்திருதான். இவன் என் கழுத்துல சவரக்கத்திய வைக்கும்போது ஒங்கம்மை கதவப் புடிச்சுக்கிட்டு ஜெபமால உருட்டுவா. நா சும்மா இருப்பனா? "நல்லா அழுத்துலே, பாதி வேலையத்தான முடிச்சிருக்க"ம்பேன். கத்தி வழுக்கித் தாடையில ரத்தம் வந்துரும். முதுகு அரிக்காமலே அரிக்குன்னு சொல்லி ஒரு மத்தியானம் பூரா சொறிய வச்சேன். இதக் கேட்டுக்கிட்டே இப்ப என்ன மொறைக்கான் பாரு. எழுதுலே, அதையும் எழுது. இவன ஜெயில்ல போட்டா எனக்கு இந்தச் சொகம் கெடைக்குமா?

வெட்டப் போறவனுக்கு ஒண்ணு சொல்லுதேன் கேளு. எங்கம்மைக்கு ஒரு தம்பி, என் மாமா. பருத்திக்குள்ள ஆடு மேஞ்ச தகராறுல ஒரு பயல வெட்டணும்னு அவிய பசுவந்தனை பஸ் வார எடத்துல காத்து நின்னாவ. அந்தப் பய ஊதாச் சட்ட போட்டிருக்கான்னு எவனோ சொல்லியிருக்கான். பஸ்ஸு நின்னுச்சு, ஊதாச் சட்ட எறங்கிச்சு, மாமா பின்னால போயித் தோளோட சேத்துப் போட்டுட்டாவ. கை தோல்ல தொங்குது. அவன் திரும்பிப் பாக்கான், வேற ஆளு. தங்கச்சி பிள்ளையளுக்குக் கோவில்பட்டியில இருந்து கடலமிட்டாய் வாங்கிக்கிட்டு வந்தவன். அந்தக் கை அறுந்து தொங்கும்போதும் பொட்டலத்த விடலயாம். மாமா அரிவாளக் கீழ போட்டுட்டு, "ஐயா, நீங்க யாரு?"ன்னு கேட்டாவளாம். வெட்டின பொறவு யாருன்னு கேட்டு என்னலே செய்ய? பாளையங்கோட்ட ஜெயில்ல இருந்து வந்த பொறவும் அவியளுக்கு ஊதாச் சட்டயக் கண்டா வாந்தி வரும். ஒங்கம்மை எனக்கு ஒரு ஊதாச் சட்ட எடுத்துட்டு வந்து, அதப் போட்டுக்கிட்டு அவிய முன்னால நா வேணும்னே நடந்தது தனிக் கத. இத எதுக்குச் சொல்லுதேன்னா, நம்ம வீட்லயும் ஆள் மாறித்தான் அடி விழுந்திருக்கு. எப்பிடின்னு சொல்லுதேன்.

கிறிஸ்மஸுக்கு நீ வந்திருந்தேல்லா, அப்ப ஆரம்பிச்சது. நீ காலேஜ்ல படிக்கும்போது வாங்கின கம்ப்யூட்டர் டப்பா பரண் மேல வத்தல் சாக்குக்கு அடியில கெடந்துச்சு. தெருக் கம்பத்துல இருந்து வார நெட்டு லைன நம்ம வீட்டோட நிறுத்திட்டாவ, பின்னால இருக்க சித்தப்பன் வீட்டுக்கு இழுக்க முடியாதுன்னுட்டாவ. அந்த வீட்ல டவரும் எடுக்காது. செல்வின் தங்கச்சி ரோஸ்லின் ஒரு பாடம் பாக்கணும்னாலும் போனத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டு நடையில வந்து உக்காரும். நீதான் சொன்ன, "இந்தப் பழைய டப்பாவ வச்சு ரெண்டு வீட்டுக்கும் பிரிச்சு விடுதேன்"ன்னு. "அது செத்துப் போயி எத்தன வருசமாச்சு"ன்னேன். "கணக்குப் போடத்தான் அதால முடியாது, காவல் காக்க முடியும்ப்பா"ன்ன. என்னப் பாத்துக்கிட்டே சொன்ன, நா வெளங்காத மாதிரி இருந்துக்கிட்டேன்.

மூடியக் கழத்தினா உள்ள பல்லி முட்ட, குளவி கட்டின மண்ணு. சைக்கிள் பம்ப வச்சு நீ ஊத, கரிசத் தூசி கெளம்பி வீடே தும்முச்சு. அதுல நெட்டு வயர் சொருக ஓட்ட ஒண்ணு இருந்துச்சு. கோவில்பட்டி போயி இன்னொரு கார்டு வாங்கிட்டு வந்து சொருகி ரெண்டு ஓட்டையாக்கின. ஒண்ணுல நெட்டு உள்ள வரும், இன்னொண்ணுல வெளிய போயி, ஒரு சின்னப் பெட்டி வழியா ரெண்டு வீட்டுக்கும் பிரியும். பென்டிரைவ்ல என்னத்தையோ கொண்டாந்து ஏத்தின. படமும் இல்ல பாட்டும் இல்ல, கறுப்புத் திரையில வெள்ள எழுத்தா ஓடிச்சு. அது முடிஞ்சதும், "இனி இதுக்கு டிவி மாதிரி திரையே வேண்டாம், தானா ஓடும்"ன்னு கழத்தி வச்சுட்ட. யாருக்கு விடணும் யாருக்கு விடக்கூடாதுன்னு டப்பாவே பாத்துக்கிடும்ன. நம்ம ஊர்ல குழாத் தண்ணி தொறந்து விடுதவரு மாதிரின்னு நா வெளங்கிக்கிட்டேன். என்ன, அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும், இதுக்கு வேண்டாம்.

வயரு இழுக்குத வேல செல்வினுக்கு. சொவத்துல ஓட்ட போட்டு இழுத்தான். எட்டு கலர் கம்பிய வரிசையா அடுக்கி முனையில கிளிப்ப அமுக்கும்போது பச்சையையும் நீலத்தையும் மாத்தி வச்சுட்டான். நீ மண்டையில ஒரு கொட்டு கொட்டின, அவன் ஒந் தொடையக் கிள்ளினான், ரெண்டு கழுதையும் கல்யாண வயசுல புழுதியில கெடந்து உருண்டிய. சித்தப்பன் வீட்ல மொதல்ல நெட்டு வந்ததும் ரோஸ்லின் அங்கன இருந்து கத்தினது தெரு முழுக்கக் கேட்டுச்சு. அப்ப நீ எனக்கு ஒரு பாடம் சொன்ன, ஞாபகம் இருக்கா? "அப்பா, இந்தச் சின்னப் பெட்டியில பச்ச லைட்டப் பாத்துக்கோங்க. வயரு கழண்டா லைட்டு அணைஞ்சிரும். லைட்டு எரிஞ்சும் அவிய வீட்ல நெட்டு இல்லன்னா, டப்பாவுக்குள்ள நிறுத்தியிருக்குன்னு அர்த்தம். அத நாந்தான் செய்ய முடியும். சென்னையில இருந்தே செய்ய முடியும்"ன்ன. நா கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். நீ போன பொறவு அந்த டப்பா மேல சூடா இருக்குன்னு கொத்தவரங்கா வத்தல் காயப் போட்டேன். அத ஒனக்கு இப்பத்தான் சொல்லுதேன், திட்டாத.

பொறவு கோட வந்துச்சு. கரிசல் வெடிச்சா சொவரும் வெடிக்கும். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல உள்ள சொவரு கை நொழையுத அளவுக்குப் பொளந்துட்டு. ஒஞ்சித்தப்பன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம இடிச்சுட்டு, புதுச் சொவத்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினான். தோண்டினது நம்ம பக்கம் ஒரு அடி உள்ள வந்துட்டு. ஒங்கம்மைக்கு அந்த ஒரு அடியில பூமியே போன மாதிரி. அவன் மம்பட்டியப் புடுங்கி வீசினா, ஒஞ்சித்தி பதிலுக்குச் செங்கல்ல வீசினா, அது நம்ம ஆட்டுக்குட்டி கால ஒடச்சுட்டு. ஒங்கம்மை அழுதுக்கிட்டே ஒனக்குப் போன் போட்டா. அது மத்தியானம். அன்னைக்குச் சாயங்காலம் சித்தப்பன் வீட்ல ரோஸ்லினப் பொண்ணு பாக்காவ. சண்டைங்கதால நமக்குச் சொல்லல. ஒனக்கும் தெரியாது. தெரியாதுங்கத நா நம்புதேன்.

மாப்பிள்ள குவைத்துல. அவன் அம்மையும் சொந்தக்காரங்களும் நாகர்கோயில்ல. எல்லாரும் போன்லயே பாக்காவ, இப்பல்லாம் அப்பிடித்தான நடக்கு. பட்டுச்சேல கட்டி, பைபிள் வைக்க ஸ்டாண்டுல போன நிறுத்தி, ரோஸ்லின முன்னால உக்கார வச்சிருக்காவ. எல்லாம் நல்லாப் போயிருக்கு. கடைசியில மாப்பிள்ளையோட அம்மை, "ஒரு ஜெபம் பண்ணும்மா, கேப்போம்"ன்னிருக்காவ. பிள்ள கண்ண மூடி, கை குவிச்சு, ஜெபம் பண்ண ஆரம்பிச்சிருக்கு. பாதியில நெட்டு நின்னு போச்சு. இதுக்குக் கண்ணு மூடியிருக்கு, தெரியல. செத்துப்போன திரைக்கு முன்னால உருகி உருகி ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்திருக்கு. யாருக்கும் நடுவுல நிறுத்த மனசு வரல. ஆமென்னு சொல்லிக் கண்ணத் தொறந்தா அங்கன யாரும் இல்ல.

அங்க உள்ளவியளுக்கோ, ஜெபத்து நடுவுல போன அணைச்சுட்டாவன்னு பட்டிருக்கு. ஆண்டவர் பேரச் சொல்லும்போது அத்துக்கிட்டு போன சம்பந்தம் வேண்டாம்னுட்டாவ. அதோட விட்டாவளா? கண்ண மூடி, வாயப் பொளந்து பிள்ள திரையில அப்பிடியே நின்னுபோன படத்த ஒருத்தன் புடிச்சு, சொந்தக்காரங்க எல்லாரும் இருக்க குரூப்புல போட்டு, பேய் ஜெபம்னு எழுதிட்டான். அந்தப் பிள்ள அன்னையில இருந்து கோயில் பாட்டுக்குப் போகல. வாசல் தெளிக்கக் கூட வெளிய வரல.

இனி செல்வினச் சொல்லுதேன். இவன் முன்னாலயே சொல்லுதேன், கூடக் கொறைய இருந்தா திருத்தட்டும். நெட்டு நின்ன அந்தச் சாயங்காலமே வந்துட்டான், கையில அரிவாள், தோள்ல கடப்பாற. நடையில இருந்த வயர ஒரே வெட்டு. "வயர யாரு புடுங்கினா?"ன்னு கேட்டான். வாயில நொர. நா டப்பாவுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன். "நாந்தாம்லே. ஒங்கப்பன் சொவத்த ஒரு அடி தள்ளினாம்லா, நா ஒங்க நெட்ட ஒரு அடி தள்ளினேன்"ன்னேன். சொல்லிட்டுச் சிரிச்சேன் வேற. கடப்பாற மொத அடி டப்பா மேல. வத்தலெல்லாம் பறக்குது, உள்ள ஃபேன் ஒடஞ்சும் நிக்காம நாய் மாதிரி ஊளையிடுது. ரெண்டாவது அடி விழும்போது நா கையக் குறுக்க நீட்டினேன். காஞ்ச பருத்திமார்க் குச்சி முறியுத சத்தம் கேட்டுச்சு, பாத்தா எலும்பு வெளிய தெரியுது. மூணாவது என் மண்டையில. ரத்தம் கண்ணுக்குள்ள எறங்கி வீடே செவப்பாத் தெரிஞ்சுது.

ஒங்கம்மை அடுப்புல கொதிச்ச குழம்போட ஓடி வந்து இவன் கழுத்துல ஊத்தினா. தோலு அப்பிடியே உரிஞ்சு வந்துட்டு, இன்னைக்கும் சட்டக் காலர் பட்டா பல்லக் கடிக்கான். ஒஞ்சித்தி வந்து ஒங்கம்மை முடியக் கையில சுத்தித் தரையில இழுத்தா. ஒங்கம்மை அவ மணிக்கட்டக் கடிச்சுச் சதையோட எடுத்துட்டா. ஒஞ்சித்தப்பன் யார அடிக்கன்னு தெரியாம நடுவுல நின்னு, கடைசியில தம் மவன செருப்பால அடிச்சான். என் ரத்தம் அந்த டப்பாக்குள்ள சொட்டிப் பொகையுத வாடையடிச்சு எல்லாரும் நின்னாவ. செல்வின் அரிவாளக் கீழ போட்டுட்டான். அவந்தாம்லே என்னப் பைக்குல முன்னால உக்கார வச்சு, ஒரு கையால புடிச்சுக்கிட்டு கோவில்பட்டி வரைக்கும் கொண்டு போனான். என் மண்ட அவன் நெஞ்சுல கெடந்து ஆடுது. "பெரியப்பா தூங்காதீய, தூங்காதீய"ன்னு வழி பூராக் கத்துதான். "நீ மெதுவாப் போலே, விழுந்து மண்ட ஒடஞ்சிரும்"ன்னேன். அதுக்குத்தான் மொத மொத அழுதான்.

இப்ப அந்த டப்பாவ சுத்தியலால தட்டி நிமித்தி, ஃபேன மாத்தி, மூடியில்லாம ஓட விட்டிருக்கான். வயரையும் புதுசா இழுத்தான், பச்சையும் நீலமும் இந்தத் தடவ மாறல. இந்தக் கடுதாசி அது வழியாத்தான் ஒனக்கு வந்துக்கிட்டிருக்கு. உள்ள ஒரு மூலையில என் ரத்தம் கறுத்துக் கெடக்கு, தொடைக்க வேண்டாம்னுட்டேன். பல்லி முட்டைக்குப் பதிலா அது இருக்கட்டும்.

விருதுநகர் தாண்டியிருப்ப. இனிமேத்தான் நா சொல்ல வந்தது. செல்வினு, போன ஆட்டாமப் புடி.

ஏலே சீலா, அன்னைக்கு மத்தியானம் ஒங்கம்மை போன வச்ச பொறவு நீ எனக்குப் போன் போட்ட. "ஒரு அடி எடுத்தவனுக்கு என் நெட்டு ஒரு கேடா? நா இங்க இருந்தே நிறுத்துதேன் பாருங்க"ன்னு கத்தின. வேல முடிஞ்சுதான செய்வ, அதுக்குள்ள கோவம் ஆறிரும்னு நா விட்டுட்டேன். சாயங்காலம் செல்வின் கடப்பாறையோட வந்து நிக்கும்போது நா அந்தச் சின்னப் பெட்டியப் பாத்தேன். அவன் நடையில வெட்டினது வீட்டுக்குள்ள வார லைன. சித்தப்பன் வீட்டுக்குப் போற வயரு சொருகினபடி இருக்கு. பச்ச லைட்டு எரியுது. நீ சொல்லிக் குடுத்த பாடம்லா. யாரும் எதையும் புடுங்கல. நீ சென்னையில உக்காந்து ஒரு பட்டனத் தட்டின, அது இங்கன ரோஸ்லின் ஜெபத்துல விழுந்துச்சு, அங்கன இருந்து என் கையில விழுந்துச்சு.

ஒம் பேரச் சொல்லாம எம் பேர ஏன் சொன்னேன்னா, ஒம் பேரச் சொல்லியிருந்தா நீ இந்த ஊருக்குள்ள கால் வைக்க முடியாது. நா ஒரு கேலிக்காரக் கெழவன், எதையும் செய்வேன்னு ஊரே நம்பும். ஒன்ட்ட மட்டும் தனியாச் சொல்லியிருக்கலாம். சொன்னா நீ வாய மூடிக்கிட்டு இருப்ப, இவன் ஆயுசுக்கும் பெரியப்பன் மண்டைய நியாயமா ஒடச்சோம்னே இருப்பான். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தெரியணும். அதுக்குத்தான் இவன் கையிலயே போனக் குடுத்துப் பேசுதேன். நீ எறங்கினதும் நம்ம வீட்டுக்கு வராத. நேரா அந்தப் பிள்ளைட்ட போயி

இவன் போன என் மடியில போட்டுட்டான். அது பாட்டுக்கு எழுதிக்கிட்டுதான் இருக்கு. எழுதட்டும்.

"பெரியப்பா, அப்ப நீங்க புடுங்கலயா?"

"லைட்டு எரிஞ்சுதுலே. நீ கடப்பாறயத் தூக்கும்போதும் எரிஞ்சுது. நீ என் மொகத்தையே பாத்தா எப்பிடி?"

"அண்ணனா செஞ்சான்? சீலன் அண்ணனா?"

"அவனுக்கு ஜெபம் நடக்குன்னு தெரியாதுலே. ஒனக்கு நா புடுங்கலன்னு தெரியாத மாதிரி."

எந்திச்சுட்டான். சீலா, கேளு, இவன் எந்திச்சுட்டான். மொகம் அன்னைக்கு மாதிரியே இருக்கு. டப்பாவுக்கு மேல ஆணியில ஒரு பக்கம் பைக் சாவி, ஒரு பக்கம் நீ எடுத்து வைக்கச் சொன்ன அரிவாள். அங்கனதான் போறான். ஏலே செல்வினு, உக்காருலே. எனக்கு முதுகு அரிக்கி. நெசமாத்தாம்லே அரிக்கி. ஆணியில கைய வச்சுட்டான். எனக்கு எந்திக்க முடியலயே. ஏட்டி, இங்கன வா, இவனப் புடி

சாவிய எடுத்தான். சாவியத்தாம்லே எடுத்தான். அரிவாள் ஆணியிலயே ஆடிக்கிட்டு நிக்கி, நா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். சட்ட கூடப் போடாம, கழுத்துப் புண்ணோட வெளிய போறான். கோவில்பட்டி ரயில் ஸ்டேசனுக்குத்தான் வாரான். வெறுங்கையோட வாரான் சீலா. நீ பையில எதையும் கொண்டு வந்திருந்தா சன்னல் வழியா வீசு, சாத்தூர் ஆத்துலயே வீசு. அவன் அடிச்சான்னா ஒண்ணு வாங்கிக்கோ, நா மூணு வாங்கினேன். அவன ஒண்ணும் கேக்காம வண்டியில பின்னால ஏறி உக்காந்துக்கோ. ஏலே செல்வினு, சட்டையாவது போட்டுட்டுப் போலே, சீலா, அவங்கிட்ட நீ சொல்ல வேண்டியது என்னன்னா, வண்டிய ஏம்லே இப்பிடி முறுக்குத, நில்லு, நா இன்னும்